திடலும் சம்பளமும் – 9: ரப்பர் நிலத்தில் எழுந்த அரங்குகள்

1921-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் நம் துறைமுகங்களுக்கு வந்து நின்றது. பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல்தான் அது. ஆனால் அதைக் கட்டப் பணம் கொடுத்தது கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம். அந்த அரசாங்கத்தின் கஜானாவை நிரப்பியவை ஈயமும் ரப்பரும். ஈயம் தோண்டியவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தங்களுக்குக் கிடைத்த வரவேற்புக்கு நன்றியாகக் கப்பல் மாலுமிகள் இரண்டு கிண்ணங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்று ரக்பிக்கு, மற்றொன்று காற்பந்துக்கு.

அந்தக் காற்பந்துக் கிண்ணம்தான் மலாயா கிண்ணம். 1967-இல் அது மலேசியக் கிண்ணம் ஆனது. முதல் ஆண்டின் இறுதியாட்டம் கோலாலம்பூரில், சிலாங்கூர் கிளப் திடலில் நடந்தது. இன்று நாம் டத்தாரான் மெர்டேக்கா என்று அழைக்கும் அதே புல்வெளி. சிங்கப்பூர் 2, சிலாங்கூர் 1. மறு ஆண்டு சிலாங்கூர் கிண்ணத்தை வென்றது. அதையும் சேர்த்து இதுவரை 33 முறை வென்றிருக்கிறது. வேறு எந்த மாநிலமும் அந்த எண்ணிக்கையின் அருகில்கூட வரவில்லை.

மலேசியக் காற்பந்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கிண்ணத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கிண்ணத்தைத் தந்த கப்பலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை முழுமையாகும். தமிழன் இந்த ஆட்டத்துக்குள் விருந்தாளியாக வரவில்லை. கிண்ணம் வருவதற்கு முன்பே அவன் உழைப்பு அதில் கலந்திருந்தது.

சென்ற வாரம் பேஸ்பாலைப் பற்றிப் பார்த்தோம். 1869-இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் குழுதான் முதன்முதலாகத் தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்தது. அவர்களில் அதிகம் வாங்கியவர் ஜார்ஜ் ரைட், ஒரு பருவத்துக்கு 1,400 டாலர். அதற்கு முன் சம்பளமே இல்லாமலா ஆடினார்கள்? இல்லை. அமெச்சூர் விதிகள் கட்டிப் போட்டிருந்ததால் பணம் வேறு வழியில் வந்தது. வாஷிங்டன் நேஷனல்ஸ் குழுவில் நன்றாக ஆடுகிற இளைஞனுக்கு அமெரிக்க நிதித்துறை அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைக்கும். பதவியின் பெயர் எழுத்தர். அவனை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது அவன் மட்டை.

அந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு கோலாலம்பூருக்கு வாருங்கள். அமெரிக்காவில் சில ஆண்டுகளே நீடித்த அந்த முறை, இங்கே ஏறத்தாழ 70 ஆண்டுகள் நீடித்தது. நம் பிள்ளைகள் மேலே வந்ததும் அந்தப் படியில் ஏறித்தான்.

இரயிலும் தோட்டமும்

பிரிக்பீல்ட்ஸ் இரயில்காரர்களின் பேட்டை. 1905-இல் அங்கே அரசு ஊழியர்களுக்கும் இரயில்வே ஊழியர்களுக்கும் கட்டப்பட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகளை இன்றைய இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், இடித்தாகிவிட்டது. இரயில் நிலையம், குட்ஸ் ஷெட், அலுவலகம் என்று நடந்தே போய் வரும் தூரத்தில் அவர்கள் வாழ்ந்தார்கள். வடக்கே செந்தூலில் இரயில்வே பட்டறை. இந்த இரண்டு பேட்டைகளிலும் தமிழ்நாட்டுத் தமிழர்கள், யாழ்ப்பாணத் தமிழர்கள், மலையாளிகள், தெலுங்கர்கள் எல்லாரும் கலந்திருந்தார்கள். மாத முடிவில் சம்பளம், மாலை ஐந்து மணிக்கு மேல் ஓய்வு, காலாற நடந்தால் ஒரு திடல். ஆட்டம் வளர வேறென்ன வேண்டும்?

1914-இல் கோலாலம்பூர்த் தமிழர்கள் உடற்பயிற்சிக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். டி.பி.சி.ஏ. என்ற நான்கு எழுத்துகளில் நகரமே அதை அறிந்திருந்தது. ராஜா மூடா சாலையில் அதற்குச் சொந்தத் திடலும் இருந்தது. கிண்ணம் கொண்டு வந்த அந்தக் கப்பல் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் விளையாட்டுக்கென ஒரு சங்கம் கட்டியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கோயிலும் பள்ளியும் கட்டியதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். திடல் கட்டியதைப் பற்றிப் போதுமான அளவு எழுதவில்லை என்பதே என் ஆதங்கம்.

தோட்டத்தில் வேறு விதம். விடிவதற்கு முன் பெரட்டு, பிறகு பால் வெட்டு, மதியத்துக்குள் பாலைக் கொண்டுபோய் நிறுத்துப் போட்டுவிட்டால் மாலை கொஞ்சம் கையில் மிஞ்சும். லயத்துக்கும் கோயிலுக்கும் இடையில் ஒரு திடல் இருக்கும். மாடு மேயும், திருவிழாவுக்குப் பந்தல் போடுவார்கள், தீபாவளிக்குப் படம் காட்டுவார்கள்; மற்ற நாள்களில் அங்கே பந்து உருளும். கோல் கம்பம் காட்டில் வெட்டிய மரம். பெரும்பாலோர் வெறுங்கால். கிராணியின் மகனும் பால் வெட்டுகிறவரின் மகனும் ஒன்றாக நின்றது பெரும்பாலும் அந்த ஓர் இடத்தில்தான். சில துரைமார்களுக்குக் காற்பந்தில் ஈடுபாடு இருந்தது. பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி வைத்து, வென்றவர்களுக்குக் கோப்பையும் கொடுத்தார்கள். கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் இப்படி எத்தனையோ தலைமுறைகள் ஆடின. அவர்களில் பலரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

தோட்டத்துத் திடலிலிருந்து மாநிலக் குழுவுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு படி தேவைப்பட்டது. வேலைதான் அந்தப் படி. காவல்துறை, இராணுவம், இரயில்வே, மின்சார வாரியம், சுங்கத்துறை, வங்கிகள் என எல்லாவற்றுக்கும் ஒரு காற்பந்துக் குழு இருந்தது. நன்றாக ஆடுகிறவனைக் கண்டால் வேலை கொடுத்து இழுத்துக்கொள்வார்கள். 1964-இல் தொடங்கிய சிலாங்கூர் மாநில வளர்ச்சிக் கழகமான பி.கே.என்.எஸ். மூன்றே ஆண்டுகளில் தனக்கென ஒரு காற்பந்துக் குழுவையும் அமைத்துக்கொண்டது. மலேசியா கண்ட மிகப் பெரிய தாக்குதல் ஆட்டக்காரரான மொக்தார் டஹாரியும் பி.கே.என்.எஸ். ஊழியராக இருந்தவர்தான். காலையில் அலுவலகம், மாலையில் பயிற்சி, சனிக்கிழமை இரவு மாநிலத்துக்காக ஆட்டம். கால் உடைந்தாலும் வேலை போகாது. 35 வயதில் ஓய்வு பெற்ற பிறகும் மாதச் சம்பளம் வரும், பணி ஓய்வுத் தொகை உண்டு. ஏழைக் குடும்பத்துத் தகப்பன் ஒருவர் தன் மகனைப் பந்தாட அனுமதிக்க இதைவிட உறுதியான காரணம் இருந்திருக்க முடியாது.

இதை அமெச்சூர் காலம் என்று சொல்லிவிட்டுச் சிலர் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டத்தால் சோறு கிடைத்தது என்றால் அது தொழில்தான். சோறு எந்தக் கதவு வழியாக வந்தது என்பதில் மட்டுமே வேறுபாடு.

மெர்டேக்காவின் ஆட்டக்காரர்கள்

1957 ஆகஸ்ட் 30-இல் மெர்டேக்கா அரங்கம் திறக்கப்பட்டது. மறுநாள் அங்கே சுதந்திரம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் தொடங்கியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அப்போதே மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைவர். 1958 முதல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக்கும் தலைவர். ஒரு நாட்டின் பிரதமர் இவ்வளவு நேரத்தைப் பந்துக்குக் கொடுத்தால் ஆட்டம் எப்படி வளராமல் இருக்கும்! அந்த ஆசியக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளராக 1978 முதல் 2007 வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், பொறுப்பில் இருந்தவர் நெகிரி செம்பிலானில் பிறந்த பீட்டர் வேலப்பன். ஆசியாவின் காற்பந்து நிர்வாகம் கோலாலம்பூரில் இருந்து நடக்கிறது என்பதும், அதை அத்தனை ஆண்டுகள் நடத்தியவர் நம்மவர் என்பதும் நம் பிள்ளைகளின் பாடநூலில் இருக்க வேண்டிய செய்தி.

1972-இல் மலேசியா மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போனது. மேற்கு ஜெர்மனியிடம் 0–3, மொரோக்கோவிடம் 0–6 என்று தோற்றாலும், அமெரிக்காவை 3–0 என்று வென்றது. அந்தக் குழுவின் தற்காப்பில் சிலாங்கூரின் எம். சந்திரன் இருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியாவுக்கு வெண்கலம். 1975 மே மாதம் இங்கிலாந்தின் ஆர்சனல் குழு கோலாலம்பூருக்கு வந்தது. மெர்டேக்கா அரங்கில் சிலாங்கூர் அவர்களை 2–0 என்று வென்றது. இரண்டு கோல்களும் மொக்தாருடையவை. ஆர்சனல் ஆட்டக்காரர்கள் முழுநேரத் தொழில்முறையாளர்கள். அவர்களை வென்ற நம்மவர்களோ திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

இந்தக் கட்டத்தில் ஒருவரிடம் சற்று நின்று பேசித்தான் ஆக வேண்டும்: கோல் காவலர் ஆர். ஆறுமுகம்.

நீண்ட கைகள் அவருக்கு. 'ஸ்பைடர்மேன்' என்று இரசிகர்கள் அழைத்தது அதனால்தான். கோலாலம்பூரில் மாலை ஆட்டம் என்றால் பாதி நாள் மழை. அந்தக் காலத் தோல் பந்து நனைந்தால் கனத்துவிடும், வழுக்கும். இன்றைய கையுறைகளும் அப்போது கிடையாது. பக்கவாட்டிலிருந்து உயரத் தூக்கி அடிக்கும் பந்துதான் கோல் காவலருக்குச் சோதனை. வெளியே வந்து பிடிக்கலாமா, கம்பத்துக்கடியிலேயே நிற்கலாமா என்று முடிவெடுக்க ஒரு விநாடிகூடக் கிடைக்காது. வெளியே வந்து தவறவிட்டால் பின்னால் கோல் திறந்து கிடக்கும். ஆறுமுகம் வெளியே வருகிறவர். எதிரணியின் உயரமான ஆட்டக்காரன் தலையைத் தூக்குவதற்குள் இவர் கை அங்கே போயிருக்கும். முன்னால் நின்றவர்கள் சோ சின் ஆன், சந்தோக் சிங். மூன்று இனத்துப் பெயர்கள், ஒரே தற்காப்புச் சுவர். பின்னால் இவர் இருக்கிறார் என்ற துணிச்சலில் அவர்கள் இருவரும் முன்னேறி ஆடினார்கள்.

1980 ஏப்ரல் 6. மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றின் இறுதியாட்டம். மெர்டேக்கா அரங்கம் நிரம்பி வழிந்தது. எதிரில் தென் கொரியா. ஆட்டம் 1–1 என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, கடைசிக் கட்டத்தில் ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்பினார். இருவரும் சபாக்காரர்கள். 2–1. மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது.

ஆனால் போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. அரசியல் காரணம் நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனாலும் அந்த ஆட்டக்காரர்களுக்கு நேர்ந்த இழப்பு இழப்புதான். அதன் பிறகு இன்று வரை மலேசியா ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. ஆறுமுகம் 1988 டிசம்பரில் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 35. 2016-இல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் 1980-இன் அந்தக் கதையைக் கற்பனை கலந்து சொன்னபோதுதான், அவர் ஆட்டத்தைப் பார்த்திராத ஒரு தலைமுறை தமிழ்க் கோல் காவலர் ஒருவர் இருந்ததை அறிந்தது. அதற்கு ஒரு சீன இயக்குநரின் படம் தேவைப்பட்டது. படம் எடுத்த சியூ கெங் குவானுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆறுமுகத்தைப் பற்றித் தமிழில் ஒரு முழுமையான நூல் எழுதும் கடமையும் நமக்கு இருக்கிறது.

எண்களைப் பற்றி ஒன்று

ஆறுமுகம் நாட்டுக்காக எத்தனை ஆட்டம் ஆடினார்? 196 என்ற எண்தான் பரவலாகச் சொல்லப்படுகிறது. சோ சின் ஆனுக்கு ஒரு கணக்கில் 195, இன்னொரு கணக்கில் 250-க்கும் மேல். மொக்தாருக்கு 142 ஆட்டங்களில் 89 கோல்கள். கணக்கு ஏன் மாறுகிறது? அன்று மலேசியா எதிர்த்து ஆடிய அனைத்தும் தேசியக் குழுக்கள் அல்ல. வெளிநாட்டுக் கிளப்புகள் வரும், இராணுவக் குழுக்கள் வரும், ஒரு மாநிலத்தின் தேர்வுக் குழு வரும். மெர்டேக்கா போட்டியிலேயே இப்படிப்பட்ட குழுக்கள் ஆடியிருக்கின்றன. ஃபிஃபா அவற்றைக் கழித்துவிடுகிறது. ஆடியவனுக்கோ எல்லாமே நாட்டின் சட்டை.

பேஸ்பாலில் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. நிறத்தின் பெயரால் கறுப்பின ஆட்டக்காரர்களை மேஜர் லீக் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 1920-இல் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். அவர்கள் தங்களுக்கென்று ஓர் உலகத்தையே கட்டிக்கொண்டார்கள். 1947-இல் ஜேக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையோடு இறங்கும்வரை அந்த வாசல் திறக்கவில்லை. நீக்ரோ லீக்குகளின் எண்களை மேஜர் லீக்கின் எண்களாக ஏற்பதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024-இல் பட்டியலைத் திருத்தினார்கள். ஜோஷ் கிப்சனின் .372 என்ற சராசரி, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பைக் கீழே தள்ளியது. கிப்சன் இறந்து அப்போது 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மலேசியாவில் அப்படியொரு நிறத்தடை இருந்ததில்லை. அதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மெர்டேக்கா அரங்கின் மேடைகளில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் தோளோடு தோள் உட்கார்ந்து ஆறுமுகத்துக்குக் கைதட்டினார்கள். ஆனால் பதிவேடு பலவீனமாக இருந்தால் தடை இல்லாத நாட்டிலும் பெயர்கள் மறைந்துபோகும். 2019 ஜனவரியில் தமிழ் நேசன் நின்றது. 1924-இலிருந்து வந்த நாளிதழ் அது. அதன் விளையாட்டுப் பக்கங்களில்தான் எத்தனையோ உள்ளூர் ஆட்டங்களின் கணக்கு தமிழில் கிடக்கிறது. யாராவது உட்கார்ந்து அதைத் தொகுக்க வேண்டும். கிப்சனின் எண்களை மீட்டதும், பழைய கறுப்பின நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிய ஆர்வலர்கள்தான்.

சம்பளம் வந்தது, படி போனது

1989-இல் மலேசியாவில் அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. முதல் ஆண்டு சாம்பியன் சிலாங்கூர். அதே ஆண்டில் கோலாலம்பூர்க் குழு தொடர்ந்து மூன்றாவது முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1987, 1988, 1989 மூன்று இறுதியாட்டங்களிலும் தோற்றது கெடா. 1994-இல் முழுத் தொழில்முறையாக பிரிமியர் லீக் வந்தது. ஒப்பந்தம், மாதச் சம்பளம், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், தொலைக்காட்சிப் பணம்.

பணத்தோடு சூதாட்டக்காரர்களும் வந்தார்கள். 1994-ஆம் ஆண்டின் ஆட்ட நிர்ணய ஊழலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலருக்குத் தடை. சிலர் குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வேறு மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சிங்கப்பூர் அந்த ஆண்டு லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வென்றுவிட்டு, போட்டியை விட்டே விலகியது. பேஸ்பாலில் 1919-இல் சிக்காகோ வைட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் பணம் வாங்கிக்கொண்டு உலகத் தொடரைத் தோற்றார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டபோது, நீதிமன்றம் விடுவித்தும் ஆணையர் லாண்டிஸ் அவர்களை ஆயுளுக்கும் விலக்கி வைத்தார். இரசிகர்கள் திரும்பி வந்தார்கள். இங்கே வெகுகாலம் திரும்பவில்லை. காலியான மேடைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

தமிழ் ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் நான் எழுத விரும்பியது. ஒப்பந்தம் வந்ததும் வேலை என்ற படி மெல்ல உடைந்தது. வங்கிக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஆடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுக்கும் பழக்கம் குறைந்தது. இனி ஒரு பையன் காற்பந்தை நம்ப வேண்டுமென்றால் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தை நம்ப வேண்டும். சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பதும் நம் லீக்கில் புதிதல்ல. தகப்பன்மார் கணக்குப் போட்டார்கள். டியூசனுக்கு அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோட்டங்களும் போயின, சில இதற்கு வெகு முன்பே. ஷா ஆலம் நகரம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். சுபாங் ஜெயா, சீஃபீல்ட் தோட்டம். பெட்டாலிங் ஜெயாவின் முதல் வீடுகள் 1950-களில் எஃபிங்ஹாம் தோட்டத்தில் கட்டப்பட்டவை. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக எழுந்த புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டு வளாகத்தின் பெயரே அங்கிருந்த தோட்டத்தின் பெயர்தான். பால் வெட்டிய குடும்பங்கள் வீட்டுக்காக வெகுகாலம் போராடிய இடம் அது. தோட்டம் போனபோது லயத்தோடு திடலும் போனது. அடுக்குமாடி வீட்டின் கீழே கார் நிறுத்தலாம், பந்து உருட்ட முடியாது. நாட்டின் மிகப் பெரிய காற்பந்து அரங்குகள் எழுந்த அதே நிலத்தில்தான் நம் பிள்ளைகளின் சிறு திடல்கள் மறைந்தன.

பயிற்றுநர்களின் காலம்

இத்தனைக்கும் நடுவில் ஒரு வியப்பு. ஆட்டக்காரர்கள் குறைந்துகொண்டே போன ஆண்டுகளில், பழைய படியில் ஏறி வந்தவர்கள் பயிற்றுநர்களாக உச்சத்துக்குப் போனார்கள். 2007-இல் பி. சத்தியநாதன் தேசியக் குழுவை ஏற்று மெர்டேக்கா போட்டியை வென்றார். அவருக்குப் பின் 2009-இல் வந்தவர் கே. ராஜகோபால், எழுபதுகளில் சிலாங்கூரின் தாக்குதல் ஆட்டக்காரர். அந்த ஆண்டு டிசம்பர் 17-இல் லாவோஸ் சீ விளையாட்டின் இறுதியில் வியட்நாமை 1–0 என்று வென்று மலேசியா தங்கம் பெற்றது. 1989-க்குப் பிறகு காற்பந்தில் கிடைத்த முதல் சீ விளையாட்டுத் தங்கம்.

2010 டிசம்பர் 26. தென்கிழக்காசியக் கிண்ணமான சுசுகி கிண்ணத்தின் இறுதிச் சுற்று, முதல் ஆட்டம், புக்கிட் ஜாலில். இந்தோனேசியாவை 3–0 என்று சாய்த்தார்கள். சாஃபி சாலி இரண்டு, அஷாரி சம்சுடின் ஒன்று. மூன்று நாள் கழித்து ஜாகர்த்தாவில் 1–2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4–2. மலேசியா அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை. குழுவில் நெகிரி செம்பிலான் பையன் எஸ். குணாளன் இருந்தார், பக்கவாட்டில் மின்னலாக ஓடுகிறவர். நட்சத்திரங்களைத் தேடாமல் இளையவர்களை ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வைத்து வளர்த்தது ராஜகோபாலின் வழி. குரல் உயர்த்தாத மனிதர். ஒருமுறை தோற்றால் தூக்கி எறியும் நம் காற்பந்து நிர்வாகச் சூழலில் அவர் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்ததே ஒரு சாதனை என்று சொல்வேன். அதே காலத்தில் சிலாங்கூரின் பயிற்றுநர் கே. தேவன். 2009, 2010 இரண்டு ஆண்டுகளும் சூப்பர் லீக் சிலாங்கூருக்குத்தான்.

நம் பெயரில் ஒரு குழு

தேவனின் பெயர் அடுத்த கட்டத்திலும் வருகிறது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம், சுருக்கமாக மிஃபா, வெகுகாலமாகச் சமூக அளவில் போட்டிகள் நடத்தி வந்த அமைப்பு. அது தனக்கென ஒரு லீக் குழுவை உருவாக்கி, எஃப்.ஏ.எம். லீக்கில் இறக்கியது. 2016-க்குப் பிறகு பிரிமியர் லீக். 2018-இல் தேவன் பயிற்சியில், ஃபெல்டா யுனைட்டெட்டுக்கு அடுத்த இரண்டாம் இடம். 2019-இல் சூப்பர் லீக்.

நாட்டின் உச்ச லீக்கில் இந்தியச் சமூகத்தின் சங்கத்திலிருந்து பிறந்த ஒரு குழு! அப்போது எழுந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது. அந்தக் குழு தன் பெயரை பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று மாற்றிக்கொண்டது. சிலருக்கு அதில் வருத்தம். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. ஓர் இனத்தின் பெயரைத் தாங்கி லீக்கில் நிற்பதைவிட ஓர் ஊரின் பெயரைத் தாங்குவதுதான் நிலைக்கும். குழுவில் எல்லா இனத்தவரும் ஆடினார்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். கோகிலேஸ்வரன் ராஜ் போன்ற இளைஞர்கள் சூப்பர் லீக்கில் வாராவாரம் ஆடும் வாய்ப்பைப் பெற்றது அந்தச் சட்டையில்தான். பணம் போட்டது கியூ.ஐ. குழுமம்.

2021-இல் பயிற்றுநர் பி. மணியத்தின் கீழ் அவர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக்கில் இறங்கினார்கள். மற்ற குழுக்கள் பிரேசிலிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் தாக்குதல் ஆட்டக்காரர்களைக் கொண்டு வந்துகொண்டிருந்தபோது, இவர்கள் பதினொரு இடத்திலும் மலேசியர்களை நிறுத்தினார்கள். கிண்ணம் வெல்லவில்லை. ஆனால் கீழிறங்கவும் இல்லை. வெளிநாட்டவர் இல்லாமல் கோலே போட முடியாது என்று நிர்வாகிகள் சொல்லி வந்த சாக்குக்கு அது நேரடியான பதில். தேசியக் குழுவின் தேர்வாளர்கள் அந்தக் குழுவுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

2022 பருவம் முடிந்ததும் உரிமையாளர்கள் லீக்கிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். நான்கு பருவம் சூப்பர் லீக்கில் ஆடிய குழு, விளையாட்டில் தோற்று அல்ல, கணக்குப் புத்தகத்தில் நின்றுபோனது. சின்சினாட்டிக்கும் இதுவே நேர்ந்தது என்பது சென்ற வாரக் கட்டுரையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தோல்வியே அறியாமல் ஓராண்டு ஆடிய அந்தக் குழு, 1870-இல் புரூக்ளினில் 8–7 என்று முதல் தோல்வியைக் கண்டது. அந்தப் பருவத்தோடு நிர்வாகம் சம்பளத்தை நிறுத்தியது. ஆனால் அந்தக் குழுவை வழிநடத்திய ஹேரி ரைட் மூன்று ஆட்டக்காரர்களோடு பாஸ்டனுக்குப் போய் அங்கே ஒரு குழுவைக் கட்டினார். அந்தக் குழுவின் வழியில் வந்ததுதான் இன்றைய அட்லாண்டா பிரேவ்ஸ்.

நம்மிடம் ஒரு ஹேரி ரைட் இருக்கிறாரா என்பதே என் கேள்வி. ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். பயிற்சி உரிமம் பெற்ற தமிழ்ப் பயிற்றுநர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே போட்டிகள் நடக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஆடுவதைப் போய்ப் பார்த்தால் திறமைக்குக் குறைவில்லை என்பது தெரியும். பதின்மூன்றாம் வயதிலிருந்து இருபதாம் வயது வரை அவனை யார் தாங்குவது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. அன்று இரயில்வேயும் மின்சார வாரியமும் வங்கியும் தாங்கின. இன்று அந்த இடத்தில் யாரும் இல்லை. நம் சமூகத்தில் வணிகம் செய்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஒரு குழுவை விலைக்கு வாங்கக் கோடிகள் வேண்டும். ஆடத் தெரிந்த ஓர் இளைஞனுக்குத் தன் நிறுவனத்தில் வேலை கொடுத்து, மாலை ஐந்து மணிக்குப் பயிற்சிக்கு அனுப்ப அவ்வளவு வேண்டாம்.

பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆடிய கிளானா ஜெயா அரங்கில் இப்போது சிலாங்கூர் ஆடுகிறது. ஷா ஆலம் அரங்கை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை நடப்பதால் இங்கே இடம் மாறியிருக்கிறார்கள். ஆட்ட நாளில் எல்.ஆர்.டி.யில் ஏறினால் சிவப்பு மஞ்சள் சட்டைக் கூட்டத்தில் தமிழ் தாராளமாகக் காதில் விழும்.

அடுத்த வாரம்: 1977 மே மாதம், பினாங்கை 3–2 என்று வென்ற சிங்கப்பூர்க் குழுவும் அதன் எஸ். ராஜகோபாலும்.